பிள்ளைகளுக்கு யார் சொல்லுவது?



2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நம் பெங்களூரு நகரத்துப் பள்ளிகள் சிலவற்றில், மாணவர்கள் கைபேசி கொண்டுவருகிறார்களா என்று அறிய அவர்களுடைய பைகள் திடீரெனச் சோதிக்கப்பட்டன. எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பைகள் அவை. கைபேசிகளோடு சிகரெட்டும் லைட்டரும் அகப்பட்டன. சில பைகளில் ஆணுறைகளும் கருத்தடை மாத்திரைகளும் இருந்தன. செய்தி நாடெங்கும் பரவிற்று. பள்ளிகள் பெற்றோரை அழைத்துக் கூட்டம் நடத்தின.

2023 ஜனவரியில், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு மருந்துக்கடைகள் இவற்றை விற்கக் கூடாதென்று கர்நாடக அரசு தடை விதித்துவிட்டதாக மற்றொரு செய்தி வந்தது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதை மறுத்தது. தடை ஏதும் இல்லை என்றும், இளையோருக்குக் கடைக்காரர்கள் அறிவுரை கூறவேண்டும் என்பதே நோக்கம் என்றும் விளக்கியது.

இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்து வாசித்தால் ஒரு காரியம் விளங்கும். பிள்ளைக்கு அறிவுரை சொல்லும் பொறுப்பு வீட்டிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து மருந்துக்கடைக்கும் கைமாறிக்கொண்டே போகிறது. நம் மகனுக்கும் மகளுக்கும் சரீரத்தைக் குறித்து முதலாவது பேசுகிறவர், கடையில் நிற்கும் முகமறியாத ஒருவராக இருக்கலாமா?

கிராமத்தில் இருந்தவர்கள்

நம்மில் அநேகர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர்கள். ஊரில் பெண்பிள்ளை பெரியவளானால் பாட்டியும் அத்தையும் சித்தியும் சூழ்ந்து உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்லுவார்கள். அதில் பயமும் மூடநம்பிக்கையும் கலந்திருந்தாலும், சொல்லுவதற்கு ஆள் இருந்தது. இங்கே ஸ்ரீராமபுரத்திலும் பொம்மனஹள்ளியிலும் வாழும் குடும்பங்களைப் பாருங்கள். தாய் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைக்குப் போகிறாள். தகப்பன் கட்டட வேலைக்கோ வண்டி ஓட்டவோ போகிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளை, இருட்டும்வரை பூட்டிய வீட்டில் கைபேசியோடு தனித்திருக்கிறது.

விசுவாசிகளின் வீடுகளில் மஞ்சள் நீராட்டு விழாவை நடத்துவதில்லை. அது சரியே. ஆனாலும் அந்தச் சடங்கோடு, மூத்த பெண்கள் உட்கார்ந்து பேசும் அந்த ஒரு வேளையும் போய்விட்டது. அதற்குப் பதிலாக வீடுகளில் வைக்கப்பட்டது என்ன? ஆண்பிள்ளைகளுக்கோ அப்படிப்பட்ட ஒரு வேளை முன்பும் இருந்ததில்லை.

வேதம் வெட்கப்படவில்லை

நீதிமொழிகள் ஐந்தாம் அதிகாரம் முதல் ஏழாம் அதிகாரம்வரை வாசித்துப் பாருங்கள். ஒரு தகப்பன் தன் வாலிப மகனை உட்காரவைத்து, சோதனை எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எப்படிப்பட்ட பேச்சோடு வரும் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறான். அவ்வளவோடு நிறுத்தாமல், விவாகத்துக்குள் இருக்கும் இன்பத்தையும் மனமகிழ்ச்சியோடு எடுத்துக் கூறுகிறான். இந்தப் பேச்சை வேதம் பெற்றோரின் வாயில் வைத்திருக்கிறது.

மௌனத்தின் விளைவையும் வேதம் மறைக்கவில்லை. 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில் தாமார் தன் சகோதரன் முறையான அம்னோனாலேயே கெடுக்கப்படுகிறாள். அவளுடைய மற்றொரு சகோதரன் அவளை வாய்திறவாதிருக்கச் சொல்லுகிறான். தகப்பனாகிய தாவீது கோபங்கொள்ளுகிறார். அதற்குமேல் அவளுக்காக ஒன்றும் செய்யவில்லை. அந்த மௌனத்திலிருந்து கொலை பிறந்தது, குடும்பம் உடைந்தது. மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், விசாரிக்கப்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகையான பாலியல் தொல்லைக்கு ஆளானதாகத் தெரிவித்தார்கள். தொல்லை கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள். தன் அங்கங்களின் பெயரைக்கூடச் சொல்லக் கற்றுக்கொடுக்கப்படாத பிள்ளை, தனக்கு நடந்ததை எந்த வார்த்தையால் நம்மிடம் சொல்லும்?

சொன்னால் கெட்டுப்போவார்களா?

இதுவே பெற்றோரின் பெரிய பயம். 2005இல் மத்திய அரசு பள்ளிகளுக்காக வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 2007இல் கர்நாடகம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத் முதலிய மாநிலங்கள் இந்தப் பயத்தினாலேயே அதைத் தடுத்தன. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாம் என்றது. அன்று எட்டாம் வகுப்பில் இருந்தவர்களில் பலர் இன்று தாங்களே பெற்றோராய் இருக்கிறார்கள். தாங்கள் கேளாததைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லுவது என்று அவர்கள் திகைக்கிறார்கள்.

யுனெஸ்கோ நிறுவனம் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில், இப்படிப்பட்ட கல்வியால் பிள்ளைகளின் பாலுறவு அதிகரிப்பதுமில்லை, முன்கூட்டியே தொடங்குவதுமில்லை என்று கண்டிருக்கிறது. விவாகம்வரை விலகியிரு என்று மட்டும் போதிக்கும் அமெரிக்க வகுப்புகள் சிலவற்றை அந்நாட்டு அரசே ஆராயச் செய்தது. 2007இல் வந்த அந்த அறிக்கை, அவ்வகுப்பில் படித்தவர்களும் படியாதவர்களும் ஒரே வயதிலேயே பாலுறவைத் தொடங்கினார்கள் என்று காட்டியது. விவாகம்வரை சரீரத்தைப் பரிசுத்தமாய்க் காத்துக்கொள்ளவேண்டும் என்பதே நம் போதனை; அதில் மாற்றமில்லை. ஆனால் கட்டளையை மட்டும் கொடுத்து, காரணத்தையும் அறிவையும் மறைத்தால், பிள்ளை அந்த அறிவைக் கைபேசியிலுள்ள ஆபாசப் படங்களில் தேடிக்கொள்ளும். அங்கே அன்பும் இல்லை, உண்மையும் இல்லை.

எதை, எப்போது சொல்லுவது?

1. பத்து வயதுக்கு முன்: அங்கங்களின் பெயர்களைச் சொல்லுங்கள். எந்தத் தொடுதல் தகாதது, அப்படித் தொட்டால் யாரிடம் வந்து சொல்லவேண்டும் என்று கற்பியுங்கள். தொட்டவர் மாமாவானாலும் ஊழியக்காரரானாலும் சொல்லலாம் என்ற துணிவைக் கொடுங்கள்.

2. பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை: மாதவிடாய் வருமுன்பே தாய் மகளுக்கு அதை விளக்கவேண்டும். தூக்கத்தில் விந்து வெளிப்படுவது நோயுமல்ல, பாவமுமல்ல என்று தகப்பன் மகனுக்குச் சொல்லவேண்டும். சுவரொட்டி வைத்தியர்களிடம் பணத்தையும் நிம்மதியையும் இழக்கிற வாலிபர் எத்தனை பேர்!

3. பதின்மூன்று வயதுக்குமேல்: கரு எப்படி உண்டாகிறது, நோய்கள் எப்படிப் பரவுகின்றன, கருத்தடை என்பது என்ன என்பவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். ஆணுறையைச் சரியாகப் பயன்படுத்தினால் கருவுறுதலையும் எச்.ஐ.வி. முதலிய தொற்றுகளையும் பெரும்பாலும் தடுக்கும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் அவசர கருத்தடை மாத்திரையை உறவுக்குப்பின் 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ளவேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். அது ஏற்கெனவே உண்டான கருவைக் கலைக்காது, எந்தத் தொற்றையும் தடுக்காது, வழக்கமாகப் பயன்படுத்துவதற்கும் உரியதன்று. இதைச் சொல்லுவது பாவத்துக்கு அனுமதிச்சீட்டுக் கொடுப்பதாகாது. நாளை விவாகம் செய்து குடும்பம் நடத்தப்போகிற பிள்ளைக்கு இந்த அறிவு எப்படியும் வேண்டியதே.

ஒரே நாளில் பிரசங்கம் செய்து முடிக்கப் பார்க்காதீர்கள். உபாகமம் ஆறாம் அதிகாரம் வீட்டிலும் வழியிலும், படுக்கும்போதும் எழும்பும்போதும் பிள்ளைகளிடம் பேசச் சொல்லுகிறதே. அந்த முறை இதற்கும் பொருந்தும். சமையல் செய்யும்போதும், வண்டியில் போகும்போதும் இரண்டு வார்த்தை போதும்.

சட்டத்தையும் அறிந்திருங்கள்

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி பதினெட்டு வயது நிரம்பாத எவரும் குழந்தையே. பதினேழு வயதுப் பெண் மனம் ஒத்துப் போனாள் என்றாலும் சட்டம் அந்தச் சம்மதத்தை ஏற்பதில்லை. உடன்போன வாலிபன்மேல் வழக்கு வரும். இதை மகன்களுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். பிள்ளைக்கு எதிரான குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும்; மறைத்தால் ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. சபைக்குள் பேசி முடித்துக்கொள்வோம் என்று மூப்பர்களோ போதகர்களோ சொல்லலாகாது. உதவிக்கு 1098 என்ற எண்ணை எந்தப் பிள்ளையும் அழைக்கலாம்.

ஒருவேளை உங்கள் மகள் கருவுற்றிருந்தால், அவமானத்துக்குப் பயந்து நாட்டு மருந்தைத் தேடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கருக்கலைப்பு வேண்டி வரும் சிறுமியைக் குறித்து மருத்துவர் காவல்துறைக்கு அறிவிக்கும்போது, அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவளுடைய பெயரை வெளியிடவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது.

பள்ளியும் சபையும்

பள்ளியில் இப்பாடம் நடந்தால் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். யார் நடத்துகிறார்கள், எந்தப் புத்தகம் என்று மரியாதையாய்க் கேளுங்கள். பள்ளி அறிவியலைச் சொல்லட்டும். விவாகத்தின் கனத்தையும் பரிசுத்தத்தின் காரணத்தையும் நீங்கள் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினருக்கென்று ஆலோசனை மையங்கள் உண்டு. கர்நாடகத்தில் அவற்றை ‘ஸ்நேகா கிளினிக்’ என்கிறார்கள். சபைகளிலும் விசுவாசிகளான மருத்துவர்களையும் செவிலியர்களையும் அழைத்து, பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் தனித்தனியே வகுப்பு நடத்தலாம்.

பெற்றோரே, இன்று உங்கள் பிள்ளையின் பையில் ஆணுறையோ மாத்திரையோ அகப்பட்டால் என்ன செய்வீர்கள்? அடிக்கக் கை ஓங்குமுன், இதைக் குறித்து இதுவரை யார் இந்தப் பிள்ளையோடு பேசினார்கள் என்று கேளுங்கள். தூரத்திலிருந்து திரும்பி வந்த இளைய குமாரனை, அவன் பேச்சை முடிக்குமுன்பே தழுவிக்கொண்ட தகப்பனை நாம் அறிந்திருக்கிறோம். தவறினாலும் வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்ற நிச்சயம் பிள்ளைக்கு இருக்கட்டும். அந்தப் பேச்சை இந்த வாரமே தொடங்க, கர்த்தர்தாமே உங்களுக்கு ஞானமும் தைரியமும் அருளுவாராக.