பாதியில் நின்ற படம்: எச்சிங் கலையை வகுப்பில் பேசுவோம்

கேரி தீவுக்கு மாணவர்களை அழைத்துப் போன ஆசிரியர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். சுங்கை பும்பூன் கிராமத்தில் மா மெரி பூர்வக்குடியினர் செதுக்கிய மரச் சிற்பங்கள் பளபளவென்று வரிசையாக இருக்கும். பிள்ளைகள் அதையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பாதி செதுக்கிய முகமூடிக்குப் பக்கத்தில்தான் போய் நிற்பார்கள். மூக்கு வந்திருக்கும், கண் இன்னும் வந்திருக்காது. “சார், அடுத்து எங்க வெட்டுவாங்க?” என்பார்கள்.

அதே கேள்வியைக் கேட்க வைக்கும் படம் ஒன்று உண்டு. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1639 வாக்கில் செய்த எச்சிங் அது. ஓவியர் ஒருவர் உட்கார்ந்து, எதிரில் நிற்கும் பெண்ணை வரைகிறார். இவ்வளவுதான் காட்சி. ஆனால் படத்தின் மேல்பகுதிப் பின்னணி மட்டுமே அடர்ந்த கறுப்பாக முடிந்திருக்கிறது. கீழே வரைபவரும் அந்தப் பெண்ணின் உடலும் மெல்லிய கோடுகளாகவே நிற்கிறார்கள். பின்னால் தாங்கியில் இருக்கும் திரைச்சீலையிலும் ஒன்றுமில்லை. வரைவதைப் பற்றிய படம், தான் வரையப்பட்ட விதத்தையும் காட்டிவிடுகிறது. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே அப்படி விட்டாரா, வேறு காரணமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எப்படியோ, முடியாத தகட்டிலிருந்தே அவர் பிரதிகள் எடுத்துவிட்டார். (அந்தப் பெண் ஆடையின்றி நிற்கிறாள். வகுப்பில் காட்டாமல், நீங்கள் பார்த்துவிட்டு வாயால் விளக்குவதே நல்லது.)

இது எச்சிங்கில் ஏன் எளிதாக நடக்கிறது? செப்புத் தகட்டில் மெழுகுப்பூச்சு பூசி, ஊசியால் கீறுவார்கள். கீறிய இடத்தில் செம்பு தெரியும். தகட்டை அமிலத்தில் வைத்தால் அந்த இடத்தை மட்டும் அரிக்கும். எவ்வளவு நேரம் வைக்கிறோமோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. பிறகு பூச்சை நீக்கி, பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம். நடுவிலேயே ஒரு பிரதி எடுத்துப் பார்த்து, மறுபடி கீறலாம். கீறலை எடுக்க வேண்டுமானால் சுரண்டித் தேய்க்க வேண்டும், பெரிய வேலை. அதனால் ஓவியர் யோசித்த ஒவ்வொரு கட்டத்துக்கும் தாளில் சாட்சி இருக்கும்.

நம்மவரில் தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர். எம். பழனியப்பனைத் தேடிப் பாருங்கள். அச்சோவியத்தில் பேர் பெற்றவர். நகரும் கோடுதான் அவருக்குப் பெரிய விஷயம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு 5 மாணவி ஒருத்தி முகமூடி வரைந்தாள். அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது. ‘தூய்மை இல்லை’ என்று புள்ளியைக் குறைத்தேன். ஏழெட்டு முறை மாற்றி யோசித்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இப்போது அமிலம் இல்லாமல் இப்படிச் செய்கிறேன். சாப்பாடு கட்டும் பாலிஸ்திரீன் பெட்டியின் தட்டையான மூடியை வெட்டி, பந்துமுனைப் பேனாவால் அழுத்தி வரையச் சொல்லுங்கள். போஸ்டர் கலரைக் கெட்டியாகத் தடவி, தாளை வைத்துத் தேய்த்தால் முதல் பிரதி. கழுவி, இன்னும் கொஞ்சம் வரைந்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. எச்சிங்குக்கு நேர்மாறாக இதில் கோடு வெள்ளையாக விழும். அதைச் சொல்லிவிடுங்கள். அழிக்க வழியே இல்லை, அதனால் முதலில் பயப்படுவார்கள். மூன்று பிரதிகளையும் ஒன்றாக ஒட்டி, “இங்க ஏன் மாத்துன?” என்று கேட்டு இரண்டு வாக்கியம் எழுத வையுங்கள். பேர் எழுதுகிறவர்கள் திருப்பி எழுத வேண்டும். ‘க’வைத் திருப்பிப் போடுவதற்குள் வகுப்பே சிரித்துவிடும், கூடுதலாகப் பத்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.