குடும்பத்துக்கு செகண்ட்ஸ்ல பெரிய எஸ்.யு.வி. வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

வீட்டில் பெரியவங்க ரெண்டு பேர், குழந்தைகள் ரெண்டு பேர், நீங்க ரெண்டு பேர். ஆறு பேரும் ஒண்ணா பழனிக்கோ கோவைக்கோ கிளம்பினா சின்ன கார் பத்தாது. புது ஃபார்ச்சூனர் விலையைக் கேட்டா தலை சுத்துது. அதனால உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, தாராபுரம் பக்கம் நிறைய குடும்பங்கள் ஆட்டோ கன்சல்டிங்கில் பழைய ஃபார்ச்சூனர், எண்டெவர், எக்ஸ்.யு.வி. 500, ஸ்கார்ப்பியோ என்று தேடுகிறார்கள்.

தேடுவது தப்பில்லை. ஆனா இது கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுக்கிற வண்டி இல்லை, தினமும் ஓடப்போற வண்டி. விலை படிஞ்சதும் சாவியை வாங்கிட்டு, பேப்பரை 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டா, மிச்சம் பிடிச்ச பணத்தை விடப் பெரிய தொகை கையை விட்டுப் போகலாம். என்னென்ன பார்க்கணும்? வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதலில் உங்க தினசரி ஓட்டத்தைக் கணக்குப் போடுங்க

எண்டெவர் சுமார் 4.9 மீட்டர் நீளம், ஃபார்ச்சூனர் சுமார் 4.8 மீட்டர். வீட்டு கேட், போர்ட்டிகோ, முன்னாடி இருக்கிற சந்து மூணையும் டேப் வெச்சு அளந்துக்கோங்க. தளி ரோட்டில் தினமும் இடம் பார்த்து நிறுத்த வேண்டியதும் நீங்கதான்.

அடுத்தது எண்ணெய்ச் செலவு. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், மாசம் 25 நாள்னா 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிற பெரிய வண்டிக்கு 100 லிட்டர் வேணும். 18 கொடுக்கிற சின்ன காருக்கு 56 லிட்டர் போதும். வித்தியாசம் 44 லிட்டர். அதை இன்றைய விலையால் பெருக்கிப் பாருங்க, மாசா மாசம் கூடுதலா எவ்வளவு போகும்னு தெரிஞ்சிடும். டயர், பிரேக் பேட், கிளட்ச் எல்லாமே சின்ன காரை விட விலை அதிகம் என்பதையும் சேர்த்துக்கோங்க.

பள்ளிக்கூடம், மார்க்கெட்னு தினம் மூணு கிலோமீட்டர் மட்டும் ஓடற வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கு. அதில் சேர்ற கரி எரிஞ்சு சுத்தமாகணும்னா எஞ்சின் நல்லா சூடேறி, சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடணும். டவுனுக்குள்ளேயே சுத்தினா வடிகட்டி அடைச்சுக்கும், எச்சரிக்கை விளக்கு எரியும். வாரம் ஒரு தடவையாவது கோவை வரை போய் வருகிறவர்களுக்கு டீசல் சரி. மத்தவங்க பெட்ரோலையும் யோசிக்கலாம்.

ஆறு பேருக்கும் சீட் பெல்ட் இருக்கா?

'ஏழு சீட்டர்' என்றால் ஏழு பேருக்கும் பாதுகாப்பு இருக்குன்னு அர்த்தம் இல்லை. பழைய மாடல்கள் சிலவற்றில் கடைசி வரிசை பக்கவாட்டில் இருக்கும், அதில் பெல்ட்டே இருக்காது. குழந்தைகளைப் பெரும்பாலும் அங்கேதான் உட்கார வைக்கிறோம்! 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம்.

ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019-லும், முன்பக்கப் பயணிக்கான ஏர்பேக் 2021-லும்தான் படிப்படியாகக் கட்டாயமாச்சு. அதுக்கு முந்தைய மாடல்களில், விலை குறைந்த வகைகள் பலவற்றில் ஏர்பேக் இருக்காது. வண்டி பெருசா இருக்குன்னு நம்பாம, எத்தனை ஏர்பேக், ஏ.பி.எஸ். இருக்கா என்று கேட்டுப் பாருங்க. உயரமான வண்டி திருப்பத்தில் சாயும் வாய்ப்பும் அதிகம். மறையூர், மூணாறு பக்கம் மலை ஏறுகிறவர்கள் இதை மனசில் வெச்சுக்கணும்.

போனிலேயே சரிபார்க்கலாம்

வண்டியின் நம்பரை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போடுங்க. பதிவு தேதி, எரிபொருள், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எது வரைக்கும் செல்லும் போன்ற விவரங்கள் வரும். இவற்றை ஆர்.சி. புக்கோடும் வண்டியோடும் ஒப்பிடுங்க.

• எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் அடிச்சிருப்பதும் ஒண்ணா?

• கடன் பாக்கி இருக்கா? ஆர்.சி.யில் வங்கி பெயர் இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி முதலில் ஹெச்.பி. கேன்சல் பண்ணச் சொல்லுங்க.

• பழைய அபராதம் பாக்கி இருக்கா? பரிவாகன் இ-சலான் பக்கத்தில் வண்டி நம்பர் போட்டுப் பார்க்கலாம்.

• திருட்டு வண்டியா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் தெரிஞ்சுக்கலாம்.

• முதலில் டி-போர்டாக ஓடி, பிறகு ஓன் போர்டாக மாத்தின வண்டியா? அப்படின்னா ஓட்டம் அதிகம் இருக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி குறையணும்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும். 2012-ல் பதிவான வண்டிக்கு 2027-ல் முடிஞ்சிடும். அதன் பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். கார் வகைக்கு இதற்கான மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. 13, 14 வயசான வண்டியை விலை பேசும்போது இதையும் கணக்கில் சேருங்க.

வெளியூர் வண்டி ஏன் மலிவு?

டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளை ஓட்டுவதற்கான தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதனால அங்கே பெரிய டீசல் எஸ்.யு.வி.க்கள் விலை இறங்கி, தெற்கே வந்தன. வாங்கக் கூடாதுன்னு இல்லை. ஆனா அந்த மாநில ஆர்.டி.ஓ. கொடுக்கும் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, வேணும். தமிழ்நாட்டில் வண்டியின் வயசுக்கு ஏத்தபடி வரி கட்டணும். வேற மாநில நம்பரோட 12 மாசத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே புது பதிவு எண் வாங்குவது கட்டாயம். கேரளா வண்டிக்கும் இதே விதிதான். வரியையும் கூட்டிப் பார்த்த பிறகும் மலிவா இருந்தா மட்டும் யோசிங்க.

2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. கழுவித் துடைச்சு வந்தா வெளியே தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க, அடியில் சேற்றுக் கறை இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் இடம், சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புக் கம்பி இங்கெல்லாம் துரு இருக்கான்னும் பாருங்க.

நேரில் பார்க்கும்போது

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்க. முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி சூடேத்தி வெச்சிருந்தா கொஞ்சம் உஷார். நம்பிக்கையான மெக்கானிக்கை கூட்டிட்டுப் போங்க. அவருக்குக் கொடுக்கிற கூலி வீண் போகாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது. மீட்டர் 40,000 கிலோமீட்டர் காட்டி, பிரேக் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சிருந்தா மீட்டரை நம்பாதீங்க. கம்பெனி சர்வீஸ் சென்டரின் சர்வீஸ் பதிவைக் கேளுங்க. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. எனவே எண்டெவர் வாங்குகிறவர்கள் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் எங்கே, ஸ்பேர் எத்தனை நாளில் வரும் என்று முதலில் விசாரிங்க.

முன்னாடி இரும்பு கிராஷ் கார்டும் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிமும் இருந்தால், விக்கிறவரையே கழட்டித் தரச் சொல்லுங்க. இரண்டுக்குமே அனுமதி இல்லை. நாளைக்கு அபராதம் வந்தா உங்க பேருக்குத்தான் வரும்.

பேர் மாத்தாம வண்டி ஓட்டாதீங்க

கையெழுத்துப் போட்ட படிவத்தை மட்டும் வாங்கிட்டு வருஷக்கணக்கா ஓட்டுவது நம்ம ஊரில் சகஜம். விபத்து நடக்கிற வரைக்கும் அது பெருசா தெரியாது. 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. அந்த வண்டி பல கை மாறியிருந்தது, யாரும் பேர் மாத்தவில்லை. பதிவேட்டில் பேர் இருந்த முதல் உரிமையாளர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பது தீர்ப்பு. வித்தவர் இதை மறக்கவே கூடாது.

வாங்கியவருக்கும் சிக்கல் உண்டு. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்க பேருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். மாத்தலைன்னா, மூன்றாம் நபருக்கான காப்பீடு தொடர்ந்தாலும், உங்க வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம். வித்தவரின் நோ கிளைம் போனஸும் அவருக்குத்தான் சொந்தம், வண்டியோடு வராது.

வழி சுலபம். பரிவாகன் தளத்தில் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுங்க. படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று தேவைப்படும். மாநிலத்துக்குள் விற்பனை என்றால் வித்தவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். உரிமையாளர் இறந்து, வாரிசு விக்கிறார் என்றால், முதலில் படிவம் 31 மூலம் வாரிசு பேருக்கு மாறியிருக்கணும்.

கன்சல்டிங்கில் வாங்கினால், பதிவு பெற்ற வாகன டீலருக்கான அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்க. 2023 ஏப்ரல் 1 முதல் இதற்கான மத்திய விதி நடைமுறையில் இருக்கு. பழைய ஃபாஸ்டேகை வித்தவர் மூடிட்டு, நீங்க உங்க பேரில் புதுசு வாங்கணும்.

மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கொடுத்துடாதீங்க. ஒரு பகுதியை, பேர் மாறிய பிறகு தருவதாக எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கோங்க. புது ஆர்.சி.யை டிஜிலாக்கரில் இறக்கி, அதில் உங்க பேர் இருப்பதைப் பார்த்த பிறகு மீதியைக் கொடுங்க. அப்புறம் ஆறு பேரும் பெல்ட் போட்டுக்கிட்டு நிம்மதியா கிளம்பலாம்.