கடைசிக் கச்சேரி எப்போது கடைசியாகிறது?

ஆடிக் கிருத்திகைக்குக் கச்சேரி பேசி முன்பணம் கொடுக்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. திருத்தணி, அரக்கோணம், எல்லை தாண்டி நகரி என்று பல ஊர்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம். ‘இதுவே எங்கள் கடைசி நிகழ்ச்சி’ என்று பிளெக்ஸ் கட்டி, மேடையில் கட்டிப்பிடித்து அழுது பிரிந்த ராக் குழு, அதே பெயரில் மறுபடி அட்வான்ஸ் கேட்டு வருகிறதாம். ஓரிடத்தில் கிட்டார்காரர் ஒரு பக்கமும் டிரம்ஸ்காரர் ஒரு பக்கமுமாக, ஒரே பெயரில் இரண்டு குழு. யாரிடம் கொடுப்பது?

ராக் குழு எப்படி நடக்கிறது, கச்சேரிக்கு எப்படிப் பேசுவது என்பதெல்லாம் கேட்டவர்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடலாம்.

விடைபெறும் நிகழ்ச்சி என்பது ரசிகர்களுக்கு நன்றி சொல்லும் நாள் என்று குழுவின் அறிக்கைகள் சொல்லும். நடைமுறையில் அது டிக்கெட் வேகமாக விற்கும் நாள். ஸ்கார்ப்பியன்ஸ் என்ற ஜெர்மானியக் குழு 2010-இல் விடைபெறுவதாக அறிவித்துவிட்டு, அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் வாசித்தது. கிஸ் குழு 2000-இலேயே விடைபெறும் சுற்றுப்பயணம் போனது. பிறகு 2023 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கில் மறுபடி ‘கடைசி’ நிகழ்ச்சி நடத்தி, அதன் முடிவில் தங்கள் டிஜிட்டல் உருவங்களை மேடையேற்றியது. பிளாக் சப்பாத் தன் சொந்த ஊரான பர்மிங்காமில் ‘முடிவு’ என்றே பெயர் வைத்த பயணத்தை 2017 பிப்ரவரியில் முடித்தது. 2025 ஜூலை 5 அன்று அதே ஊரில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், பழைய நால்வரும் மறுபடி சேர்ந்தார்கள். பாடகர் ஓசி ஆஸ்பர்ன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். 17 நாளில் இறந்துபோனார். இவற்றில் சொன்ன சொல் மாறாத விடைபெறல் அது ஒன்றுதான், அதையும் மரணம்தான் காப்பாற்றிக் கொடுத்தது.

‘எங்கள் வார்த்தையை நம்பாதீர்கள், பத்திரத்தைப் பாருங்கள்’ என்று ஒரு குழு கிளம்பியது. லாஸ் ஏஞ்சல்ஸின் மோட்லி குரூ. 2014 ஜனவரியில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, 2015-க்குப் பிறகு இந்தப் பெயரில் சுற்றுப்பயணம் போவதில்லை என்று நால்வரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கடைசி நிகழ்ச்சி 2015 டிசம்பர் 31. (நம் திருத்தணியில் படித்திருவிழா நடக்கும் தேதி.) 2019 நவம்பரில் அந்த ஒப்பந்தத்தை வெடிவைத்துத் தகர்ப்பதுபோல ஒரு வீடியோ வெளியிட்டார்கள். 2022-இல் பெரிய பெரிய மைதானங்களில் வாசித்தார்கள்.

யாரும் வழக்குப் போடவில்லையா என்று கேட்கலாம். போட முடியாது, அதுதான் அந்தப் பத்திரத்தின் கெட்டிக்காரத்தனம். கையெழுத்திட்டவர்கள் நால்வர், அதை மீறினால் கேட்கும் உரிமையும் அந்த நால்வருக்கே. கடைசி என்று நம்பிப் பணம் கொடுத்த ரசிகர் அதில் ஒரு தரப்பே அல்ல. ஒருவர் தனியாகப் பெயரை எடுத்துக்கொண்டு ஓடாமல் மற்ற மூவர் தடுக்க அது உதவும். நால்வரும் சேர்ந்து திரும்பிவர நினைத்தால் வெறும் காகிதம்.

நம் நாட்டில் அந்தப் பத்திரம் இன்னும் பலவீனம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. விதிவிலக்கு 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவில் இருக்கிறது. பிரியும் பங்காளிகள் இத்தனை காலத்துக்கு, அல்லது இன்ன எல்லைக்குள், இதே தொழில் செய்வதில்லை என்று நியாயமான அளவில் எழுதிக்கொள்ளலாம். ‘திருவள்ளூர் மாவட்டத்துக்குள் இரண்டு ஆண்டு’ என்றால் நிற்க வாய்ப்புண்டு. ‘இனி எந்நாளும்’ என்பது மேடைக்கு மட்டும் அழகு. ஆனால் மாவட்டத்தோடு நிறுத்தினால் டிரம்ஸ்காரர் நகரிக்குப் போய் வாசிப்பார். 1960-இல் மாநிலமே மாறிய திருத்தணிக்காரர்களுக்கு எல்லைக்கோட்டின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது தமாஷ். இனி வருவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

நான்கு பேர் சேர்ந்து வாசித்து வரும்படியைப் பங்கிட்டால், ஒரு வரிகூட எழுதாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் கூட்டாளிகள். (ஒருவர் முதலாளியாக இருந்து, மற்றவர்களுக்கு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேமெண்ட் கொடுத்தால் கதை வேறு.) அந்தக் கூட்டு கலைந்த பிறகும், அதைப் பொது அறிவிப்பாக வெளியிடும் வரை, ஒருவர் பழைய பெயரில் செய்யும் காரியத்துக்கு மற்றவர்களும் வெளியாருக்குப் பொறுப்பு என்கிறது அதே கூட்டாண்மைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. கீபோர்டு வாசித்த பெண் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார் என்று வையுங்கள். கிட்டார்காரர் பழைய பெயரில் நாலு ஊரில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு வராமல் இருந்தால், விழாக் குழு அந்தப் பெண்ணிடமும் பணம் கேட்கலாம். ‘நாங்கள்தான் கடைசி நிகழ்ச்சி நடத்திவிட்டோமே, ஊரே பார்த்ததே’ என்பது பதிலாகாது.

பொது அறிவிப்பு என்றால் என்னவென்று 72-ஆம் பிரிவு சொல்கிறது. அரசிதழிலும், குழு இயங்கும் மாவட்டத்தில் புழங்கும் குறைந்தது ஒரு தாய்மொழி நாளிதழிலும் வெளியிட வேண்டும். பதிவு பெற்ற கூட்டாக இருந்தால் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். பேஸ்புக் பதிவும் பிளெக்ஸும் கண்ணீரும் அந்தப் பட்டியலில் இல்லை. நாளிதழில் வேலை பார்ப்பவன் இதைச் சொன்னால் விளம்பரம் பிடிக்கிறான் என்று தோன்றும். சட்டத்தை எழுதியவர்கள் எங்கள் விளம்பரப் பிரிவினர் அல்ல. கல்லூரி முடிந்ததும் கலையும் குழுக்கள் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. ரசிகர்களிடம் அவ்வளவு உருக்கமாக விடைபெறுகிறவர்கள், கடன்காரர்களிடம் விடைபெற மறந்துவிடுகிறார்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பெயர் யாருக்கு? வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கணக்கு முடியும் வரை யாரும் தனியாக அந்தப் பெயரில் தொழில் நடத்தாமல் மற்றவர் தடுக்கலாம் (53-ஆம் பிரிவு). ஓசி ஆஸ்பர்னே 2009-இல் பிளாக் சப்பாத் பெயருக்காகத் தன் கிட்டார்காரர் டோனி அயோமி மீது வழக்குப் போட்டு, மறு ஆண்டு சமரசம் ஆனார்.

வணிகமுத்திரை எத்தனை ஆண்டு? பத்து, பிறகு புதுப்பிக்க வேண்டும்.

பதிவு செய்யாத குழு வழக்குப் போடலாமா? ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியார்மீது முடியாது. கலைந்த பிறகு தங்களுக்குள் கணக்குக் கேட்க முடியும்.

சொந்தப் பாட்டுகள்? குழு கலைந்தாலும், உரிமையை எழுதிக் கொடுக்காதவரை, எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரியவை. உரிமை அவர்கள் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டு.

பதினெட்டு நிரம்பாத பையன் வாசித்தால்? லாபத்தில் பங்கு தரலாம், கூட்டாளி ஆக்க முடியாது.

விழாக் குழுவினருக்கு ஒரு வார்த்தை. அட்வான்ஸ் ரசீதில் குழுவின் பெயரை மட்டும் எழுதி வாங்காதீர்கள். யார் யார் வாசிக்க வருகிறார்களோ அத்தனை பேர் பெயரும் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். கையெழுத்துப் போட ஒருவர் தயங்கினால், அந்தக் குழுவுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.