அடிமுடி தேடிய கதை

பிடிபடாத சொத்துத் தகராறை 'அடிமுடி தெரியாத வழக்கு' என்கிறோம். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விளங்காத சிக்கல் என்பது இன்றைய பொருள். ஒரு கதையே சிறு தொடராகச் சுருங்கிவிடுவது உண்டு. படகிலிருந்து ஆற்றில் வாளைத் தவறவிட்டவன், விழுந்த இடத்துக்கு அடையாளமாக ஓடும் படகிலேயே கீறிவைத்த கதையைச் சீனர்கள் நான்கு எழுத்தில் அடக்கியிருக்கிறார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டு நூலொன்றில் இருக்கும் கதை அது. காலம் மாறியதை உணராத பிடிவாதத்தை இன்றும் அதைச் சொல்லித்தான் இடித்துரைக்கிறார்கள். நம் 'அடிமுடி'யும் கதையைச் சுருக்கிய தொடர்தான். ஆனால் அதன் பின்னுள்ள கதை சிக்கலைப் பற்றியதல்ல, தேடியவர்களைப் பற்றியது.

யார் பெரியவர் என்று பிரமனும் திருமாலும் போட்டியிட, சிவன் தீப்பிழம்பாக நின்றார். திருமால் பன்றியாகி அடியைத் தேடி அகழ்ந்தார். பிரமன் அன்னமாகி முடியைத் தேடிப் பறந்தார். இருவருக்கும் எட்டவில்லை. திருமால் அதை ஒப்புக்கொண்டார். பிரமனோ தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு வைத்துக்கொண்டு, கண்டதாகவே சாதித்தார். அந்தத் தீப்பிழம்பே அண்ணாமலையானது என்பது தலபுராணம்.

அடியும் முடியும் உடம்பைக் குறிக்கும் சாதாரணச் சொற்கள்தானே, இதற்குப் புராணம் எதற்கு என்று கேட்கலாம். வெறும் குழப்பத்தைச் சொல்ல 'தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை' என்பதே நம்மிடம் இருக்கிறது. அடியும் முடியும் இறைவனுக்கும் அரசனுக்கும் உரிய சொற்கள். வடமொழிப் புராணங்களிலும் இக்கதை உண்டே என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான். ஆனால் தமிழர் நாவில் இதை ஊறவைத்தது தேவாரம். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் ஒன்பதாம் பாட்டை இந்தத் தேடலுக்கே ஒதுக்கினார். பாட்டறியாதவருக்குக் கல் சொன்னது. சோழர் கோயில்களில் கருவறையின் பின்சுவரில் லிங்கோத்பவரைப் பாருங்கள்: தூணின் பிளவுக்குள் நிற்கும் உருவத்தின் பாதமும் முடியும் கல்லுக்குள் மறைந்திருக்கும்; கீழே பன்றி, மேலே அன்னம். மறைத்ததுதான் அந்தச் சிற்பியின் மேதைமை.

தேடியவர்களைப் பற்றிய அந்தப் பழைய பொருளுக்குச் சான்று, அண்ணாமலையைச் சுற்றும் சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்கே உள்ள அடி அண்ணாமலையிலும் இருக்கிறது. அங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் லிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தவர் பிரமன் என்பது ஊர் நம்பிக்கை. முடியைக் கண்டதாகப் பொய் சொன்னவரே மலையடிவாரத்துக்கு வந்து வழிபட்டார் என்று மக்கள் கதையை நீட்டியிருக்கிறார்கள். மலையின் உயரமல்ல, காணாததைக் கண்டேன் என்றவரின் பிழையும் அவர் தேடிய பரிகாரமுமே அவர்கள் மனத்தில் தங்கியிருக்கின்றன.