பாலிஷ் பேடின் சுத்தமும் காரின் பளபளப்பும்

இன்றைய கார்களின் உடல் தகட்டின்மேல் முதலில் பிரைமரும், அதன்மேல் நிறம் தரும் பூச்சும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சும் அடுக்கடுக்காக இடப்படுகின்றன. 1980-களில் பரவலாகத் தொடங்கிய இந்த முறையில், கண்ணுக்குத் தெரியும் பளபளப்பு முழுவதும் மேலே உள்ள கிளியர் கோட்டின் வழவழப்பைப் பொறுத்தே அமைகிறது. அந்தப் பூச்சின் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் வரைதான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால், பொதுவாக இது ஒரு தலைமுடியின் கனம்கூடத் தேறாது. காரைக் கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்து, வெயிலில் வட்ட வட்டமாகத் தெரியும் மெல்லிய கீறல்களைப் போக்க, அவற்றைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் ஆழம் வரை தேய்த்துச் சமன் செய்கின்றனர். அதற்குப் பெயர்தான் பாலிஷ். ஒவ்வொரு முறையும் சிறிதளவு பூச்சு குறைந்துகொண்டே போவதாலும், வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதும் அதே பூச்சுதான் என்பதாலும், ஒரு கார் தன் ஆயுளில் தாங்கக்கூடிய பாலிஷ்களுக்கு ஓர் எல்லை உண்டு. அழுக்கேறிய பேடைக்கொண்டு பாலிஷ் போடும்போது அந்த எல்லையில் ஒரு பங்கு பயனின்றிச் செலவாகிவிடுகிறது.

பாலிஷ் பேட் என்பது மெஷினின் சுழலும் தட்டில் ஒட்டிக்கொண்டு, பாலிஷைத் தாங்கி, பெயின்டின்மேல் தேய்க்கும் வட்டமான பட்டை. கம்பளி, மைக்ரோஃபைபர், ஃபோம் என மூன்று வகைகள் புழக்கத்தில் உள்ளன; அவற்றுள் மிகுதியாகப் பயன்படுவது ஃபோம், அதாவது 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டறிந்த பாலியூரித்தேனில் செய்யப்படும் நுரைப்பஞ்சு. இதன் முதுகில் வெல்க்ரோ துணி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பஞ்சின் நுண்துளைகள், வெல்க்ரோவை இணைக்கும் பசை ஆகிய இரண்டும்தான் பேடில் எளிதில் கெடும் இடங்கள். பராமரிப்பின் விதிகள் அனைத்தும் இவ்விரண்டையும் காப்பதற்காகவே ஏற்பட்டவை.

பாலிஷ் திரவத்தில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு போன்ற கடினமான நுண்துகள்களும், அவை சறுக்கி ஓடுவதற்கான எண்ணெய்ப் பொருள்களும், நீரும் கலந்திருக்கும். மெஷின் ஓட ஓட, பயன்பட்டு முடிந்த துகள்களும் பெயின்டிலிருந்து உரிந்த தூளும் எண்ணெயோடு குழைந்து நுண்துளைகளை அடைத்துக்கொண்டு, காய்ந்தபின் பேடின் முகத்தில் ஒரு பக்காகப் படிகின்றன. கிளியர் கோட் இல்லாத பழைய சிவப்புக் காரில் பேடே சிவந்துவிடுவதால் அழுக்கு உடனே தெரியும். இன்றைய கார்களில் வரும் கழிவு வெண்மையாக, பாலிஷின் நிறத்திலேயே இருப்பதால், பேட் நிறைந்துவிட்டதைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்த நிலையில் வெட்டும் திறன் குறைகிறது, உராய்வுச் சூடு ஏறுகிறது, பெயின்டில் புகைபோன்ற மங்கல் படிகிறது, கட்டிதட்டிய துகள்கள் புதிய கீறல்களையும் இழுக்கின்றன. வேலை ஓடவில்லையே என்று இன்னும் கொஞ்சம் பாலிஷை ஊற்றி இன்னும் கொஞ்சம் அழுத்துவது அடைப்பையும் சூட்டையும் மேலும் கூட்டுமே ஒழிய, குறையைத் தீர்க்காது.

எனவே பேடைச் சுத்தம் செய்வது வேலை நடக்கும்போதே தொடங்கியாக வேண்டும். கழுவிக் காய்ந்த பேடை எடுத்தவுடன் அதன் முகம் முழுவதும் பாலிஷை மெல்லிதாகத் தடவிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு மட்டும் சேர்த்தால் போதும்; பேட் அடைத்துப்போவதற்கான காரணங்களில் பாதி, தேவைக்கு மேல் ஊற்றுவதுதான். சுமார் இரண்டடிக்கு இரண்டடி அளவுள்ள ஒரு பகுதியை முடித்ததும், ஃபோம் பேடை மெதுவாகச் சுழலவிட்டு, அதன் முகத்தில் மென்மையான நைலான் பிரஷ்ஷையோ சுத்தமான துண்டையோ அழுத்திப் பிடித்தால், இளகிய கழிவு காயும் முன்பே வெளியேறிவிடும். மைக்ரோஃபைபர் பேடுக்குக் கம்ப்ரஸர் காற்று மிகவும் ஏற்றது. இழைகளுக்கிடையே சிக்கிய தூளை அது ஊதித் தள்ளுவதோடு, படிந்துபோன இழைகளையும் நிமிர்த்துகிறது. கம்பளிப் பேடுக்கென்றே பல்சக்கரக் கருவி உண்டு; அதை ஃபோமில் வைத்தால் பஞ்சு கிழிந்துவிடும்.

ஒரே பேடால் முழுக் காரையும் முடிப்பது சிக்கனமாகத் தோன்றினாலும் அது தவறான சிக்கனம். சூடு பேடின் நடுவில்தான் அதிகம் சேர்கிறது, பசை இளகி வெல்க்ரோ கழன்றுவிடுவதும் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது. தொட்டால் சுடும் நிலைக்கு வந்த பேடைக் கழற்றி ஆறவைத்து, இன்னொன்றை மாட்டிக்கொள்வதே முறை. கரடுமுரடான துகள்கள் கொண்ட காம்பவுண்டுக்குப் பயன்பட்ட பேடை, கழுவிய பிறகும் இறுதி மெருகுக்கு எடுக்கக் கூடாது. பேடுகளின் நிறக் குறியீடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், எது எதற்கு என்பதை வெல்க்ரோ ஓரத்தில் மார்க்கரால் எழுதிவைப்பதே நம்பகமானது.

வேலை முடிந்ததும் அன்றே கழுவிவிட வேண்டும். மறுநாள் வரை கிடந்த பேடில் இறுகிய கழிவு எளிதில் கரைவதில்லை. வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் துலக்கும் மென்மையான திரவத்தைச் சிறிது கலந்து, கால் மணி முதல் அரை மணி நேரம் ஊறவைப்பதே போதுமானது. கொதிக்கும் நீரும் நெடுநேர ஊறலும் பசையைக் கெடுக்கும். தின்னர், பெட்ரோல் போன்றவை பஞ்சையே அரிக்கும். ஊறிய பேடைக் குழாயடியில் பிடித்து, கட்டைவிரலால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அமுக்கினால், முதலில் கொழகொழவென்று வெள்ளை நீர் கசியும். விளிம்பில் காய்ந்த பக்கு இருந்தால் அங்கு மட்டும் பிரஷ்ஷால் சற்றுக் கூடுதலாகத் தேய்க்க வேண்டும். அமுக்கும்போது வரும் நீர் தெளிவாகவும் நுரையின்றியும் மாறும் வரை அலசுவது அவசியம், ஏனெனில் உள்ளே தங்கும் சோப்பு அடுத்த முறை பாலிஷோடு கலந்து அதன் தன்மையையே மாற்றிவிடும். துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால் பஞ்சு பசையிலிருந்து பிய்ந்துவிடும். இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அமுக்கியே நீரை வெளியேற்ற வேண்டும். உப்புநீர் வரும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியுள்ள ஊர்களில், கடைசி அலசலுக்கு மட்டுமாவது வடிகட்டிய நல்ல நீரைப் பயன்படுத்துவது உகந்தது. உப்புநீர் காயும்போது துளைகளில் தங்கும் உப்பு, பஞ்சை விறைப்பாக்குகிறது. மைக்ரோஃபைபர் பேடுக்குத் துணி மென்மையாக்கியைச் சேர்க்கக் கூடாது என்பதைத் தவிர வேறு தனி விதி இல்லை. கம்பளிக்குக் குளிர்ந்த நீரே நல்லது.

கையால் அமுக்கியபின் எஞ்சும் ஈரத்தை, பேடை மெஷினில் மாட்டி, காலி வாளியின் விளிம்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்து, மிகக் குறைந்த வேகத்தில் சில விநாடிகள் சுழற்றிப் போக்கலாம். மின்சார மெஷின் என்பதால், சொட்டச் சொட்ட நனைந்த பேடை ஒருபோதும் மாட்டக் கூடாது. பிறகு வெல்க்ரோ பக்கம் மேலே இருக்கும்படி கம்பி வலையின்மேல் நிழலில் காயவைத்தால், ஈரம் பசையில் தங்காமல் கீழ்நோக்கி இறங்கும். நேர் வெயில் சீக்கிரம் காயவைத்தாலும், பாலியூரித்தேனை மஞ்சளாக்கி நாளடைவில் பொடியச் செய்துவிடும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் வெளியே காய்ந்ததுபோல் தெரியும் பேட் உள்ளே நனைந்திருக்கக்கூடும் என்பதால், அமுக்கிப் பார்த்து உறுதி செய்த பிறகே, தூசு புகாத மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். ஒரே ஒரு மணல் துகள் ஒட்டிய பேட் ஒரு பானட் முழுவதையும் கீறிவிடப் போதுமானது.

அமுக்கினால் மீண்டும் எழும்பாத பஞ்சு, கிழிந்த விளிம்பு, பிடிப்பிழந்த வெல்க்ரோ, பூஞ்சை வாடை ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அந்தப் பேடைத் தூக்கிப்போடத் தயங்கக் கூடாது. காரைத் தாமே பாலிஷ் செய்யாமல் ஒர்க்‌ஷாப்பில் விடுபவர்கள், வேலை தொடங்கும் முன் பேடைக் காட்டச் சொல்லி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. முந்தைய காரின் கழிவு காய்ந்து கிடக்கும் பேடை மாட்டுகிறார்கள் என்றால், சாவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு இடம் பார்ப்பதே சரி.