கொரிந்துப் பந்தியில் யாருக்கு என்ன கிடைத்தது?

ரோமப் பணக்காரர் வீட்டுச் சாப்பாட்டறையில் மூன்று சாய்மஞ்சங்கள் இருக்கும். வழக்கமாக ஒன்றுக்கு மூன்று பேர் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து சாப்பிடுவார்கள். யாருக்கு எந்த இடம் என்பதிலேயே அவரவர் மதிப்பு தெரிந்துவிடும். பல வீடுகளில் பதார்த்தமும் ஆளுக்கு ஆள் மாறியது. ஒரே விருந்தில் மூன்று தர மதுவைச் சிறு குப்பிகளில் ஊற்றிவைத்த ஒருவரை ரோம எழுத்தாளர் இளைய பிளினி தன் கடிதத்தில் சாடுகிறார். கவிஞர் மார்ஷியலின் புகார் இன்னும் காரம்: விருந்தளிப்பவருக்குக் கொழுத்த புறா, தனக்கோ கூண்டிலேயே செத்த பறவை.

கி.பி. 50களில் ரோமர் ஆண்ட கொரிந்து நகரில் கிறிஸ்தவர்கள் கூடிச் சாப்பிட்டதும் இந்த உலகத்தில்தான். சிலர் முந்திக்கொண்டு தின்று குடிக்க, மற்றவர்கள் பசியோடு இருப்பதை அப்போஸ்தலர் பவுல் அவர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் கடிந்து எழுதினார். உள்ளே ஒன்பது பேர், முற்றத்தில் மற்றவர்கள் என்று மர்ஃபி-ஓகானர் என்ற அறிஞர் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒரு வீட்டின் அளவுகளை வைத்து விளக்கம் சொன்னார். அந்த வீடு பவுலுக்குப் பிந்தியது என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் பந்தியில் பாகுபாடு இருந்ததைக் காட்ட அந்த வீடு தேவையில்லை, கடிதமே போதும்.

கூடிச் சாப்பிடுவதும் கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்ததல்ல. லானுவியம் ஊரில் ஏழைகளும் அடிமைகளும் சேர்ந்திருந்த ஒரு சங்கத்தின் விதிகள் 136-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் உள்ளன: ஆளுக்கு ரொட்டி, நான்கு மத்தி மீன், நல்ல மது, இடம் மாறி உட்கார்ந்தால் அபராதம். தலைவருக்கு மட்டும் எதிலும் இரட்டைப் பங்கு! புதுமை வேறிடத்தில் இருந்தது. பாகுபாட்டைப் பவுல் கடவுளுக்கு எதிரான குற்றமாக்கினார்.

பிளினியும் எல்லோருக்கும் ஒரே உணவு பரிமாறினாரே என்று கேட்கலாம். பரிமாறினார், விடுதலை பெற்ற அடிமைகள் குடிக்கும் மதுவையே தானும் குடித்தார், அதில் செலவும் மிச்சம் என்றார். அது வீட்டுக்காரரின் பெருந்தன்மை, சிக்கனமும்கூட. பவுலின் பார்வையில் பந்தி வீட்டுக்காரருடையதே அல்ல, ஆண்டவருடையது. ஏழையை வெட்கப்படுத்துவது சபையையே அவமதிப்பது.

பசித்தவன் வீட்டிலேயே சாப்பிட்டு வரட்டும் என்றும் அவர் எழுதியது பணக்காரருக்குக் கொடுத்த சலுகைதான். வீட்டுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வை அவர் தொடவில்லை. பந்தியின் பழைய வடிவமும் எளிதில் போகவில்லை. சுமார் 197-இல் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் விவரிக்கும் அன்பின் விருந்தில் ஏழைகளுக்கு உணவு உண்டு, தொடக்கத்தில் ஜெபம் உண்டு. ஜெபம் முடிந்ததும் எல்லோரும் சாய்ந்துதான் சாப்பிட்டார்கள்.