ஒற்றைக்கண் ஜீப்!



'வண்டி விஷயமெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று ஒதுங்கியே இருந்தவள் நான். ஒரு ராத்திரிப் பயணம் என்னை மாற்றி விட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கம் ஜீப் இல்லாமல் பிழைப்பில்லை. கம்பம், தேனி பக்கமிருந்து கேரளா ஏலத் தோட்டங்களுக்கு விடியுமுன்னே பெண்களை ஏற்றிப் போவதும் ஜீப்தான். மலையடிவாரத்தில் இலவம் பஞ்சு மூட்டை ஏற்றுவதும் ஜீப்தான். என் வீட்டுக்காரரிடமும் பழைய மகேந்திரா ஜீப் ஒன்று இருக்கிறது.

போன ஆவணியில் ஆண்டிபட்டியில் ஒரு கல்யாணம். அதற்கு நாலு நாள் முன்பே ஜீப்பின் வலது பக்க ஹெட்லைட் போய் விட்டது. "என்னங்க, அதை மாத்திட்டுப் போகலாமே" என்றேன். "ஒரு லைட்டு எரியுதுல்ல, அது போதும். என்னத்த ஆகப் போகுது?" என்று சொல்லி விட்டார்.

திரும்பும்போது ராத்திரி பத்து மணி. கடமலைக்குண்டு தாண்டி மயிலாடும்பாறை வரும் வழியில் எதிரே ஒரு பைக். எங்களுக்கு எரிந்தது இடது பக்க லைட் மட்டும்தான். அதைப் பார்த்து, ஓரமாக ஏதோ பைக் வருகிறது என்று நினைத்து அந்தத் தம்பி ரோட்டு நடுவிலேயே நெருங்கி வந்து விட்டார். பக்கத்தில் வந்த பிறகுதான் ஜீப் என்று தெரிந்து, ஒடித்துத் திருப்பி மண்ணில் சரிந்தார். பின்னால் மனைவி, மடியில் கைக்குழந்தை! தெய்வாதீனமாக முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அந்தப் பெண் குழந்தையை அணைத்துக் கொண்டு அழுத அழுகை இன்னமும் என் காதில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல். ஒர்க் ஷாப்பில் வேலை செய்யும் என் தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, இது நீயே செய்யிற வேலைதான்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். கடைப் பையனிடம் பல்பு வாங்கி வரச் சொல்லி, கால் மணி நேரத்தில் மாட்டி விட்டேன். எரிந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை!

ஆனால் மூன்றே வாரத்தில் அதுவும் போயிற்று. தம்பி கேட்ட முதல் கேள்வி, "கண்ணாடியைக் கையால தொட்டியா?" தொட்டேன்தான். அப்போதுதான் தாளித்து விட்டு வந்த கை வேறு! ஹாலஜன் பல்பு சாதாரண பல்பை விட அதிகமாகச் சூடாகுமாம். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் மட்டும் அதிகம் சூடேறிக் கண்ணாடி கெட்டு விடுமாம். அடிப்பக்கத்து உலோகத்தைத்தான் பிடிக்க வேண்டும். தவறித் தொட்டு விட்டால், ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து விட்டு மாட்டலாம்.

நான் கற்றுக் கொண்ட மற்றவை:

* இரண்டு லைட்டும் ஒன்றாகப் போனால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும், அல்லது டிம், பிரைட் இரண்டில் ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்புதான். ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கிறது.

* இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, பல்பு ஆறிய பிறகே கை வையுங்கள்.

* எங்கள் ஜீப்பில் உருண்டை லைட். வெளி வளையத்தின் ஸ்குருவைக் கழற்றி, உள்ளே லைட்டைப் பிடித்திருக்கும் வளையத்தையும் கழற்றினால் லைட் முன்னால் வந்து விடும். பக்கத்தில் ஃபோகஸ் வைக்கிற ஸ்குரு இரண்டு இருக்கும். அதைத் தொடவே கூடாது.

* பின்னால் மூன்று ஊசி பிளக்கை நேராக இழுத்து, ரப்பர் மூடியை எடுத்து, கம்பி கிளிப்பைத் தள்ளினால் பல்பு கைக்கு வரும். புதுப் பல்பின் மூன்று காதில் ஒன்று அகலம். அது பொருந்துகிற ஒரே விதமாகத்தான் உட்காரும். அழுத்தித் திணிக்க வேண்டாம். ரப்பர் மூடியைச் சரியாகப் போடாவிட்டால் மழைத் தண்ணீர் இறங்கி விடும்.

* பழைய பல்பைக் கடைக்குக் கொண்டு போங்கள். எங்களுடையது 'எச் 4', 12 வோல்ட், 60/55 வாட். "100/90 போடுங்க, பகல் மாதிரி இருக்கும்" என்பார்கள். வாங்காதீர்கள். 60 வாட் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய ஒயரும் பிளக்கும் உருகி விடும். எதிரே வருபவர் கண்ணும் கூசும்.

* மாட்டியதும் இருட்டில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, டிம்மில் இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பாருங்கள்.

புதுக் கார்கள் பலவற்றில் எல்.இ.டி. விளக்கு மொத்தமாக மூடிய அமைப்பாக வருகிறது. அதை வீட்டில் பிரிக்கக் கூடாது.

இப்போது எங்கள் ஜீப்பில் ஒரு பல்பு எப்போதும் உபரியாக இருக்கிறது. சாயங்காலம் வண்டி எடுக்குமுன் நான் முன்னால் நின்று, "டிம் போடுங்க... பிரைட் போடுங்க..." என்பேன். "வந்துட்டா பிரேக் இன்ஸ்பெக்டரு" என்று சிரித்துக் கொண்டே போட்டுக் காட்டுவார்.

விடிகாலையில் ஜீப் ஏறும் சகோதரிகளே, ஏறுமுன் ஒரு நிமிஷம் வண்டிக்கு முன்னால் போய்ப் பாருங்கள். ஒற்றைக் கண்ணோடு நின்றால், "அண்ணே, லைட்டை மாத்துங்க" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எதிரே வருகிறவர் மடியிலும் ஒரு குழந்தை இருக்கலாம்.

— ஒரு வாசகி, வருசநாடு.